அயர்லாந்து வயல்களில் நிற்கும் கூரையில்லாத மடங்களை யார் இடித்தார்கள்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்வேயிலிருந்து மேயோ பக்கம் காரில் போகும்போது, ஹெட்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில் மாடு மேயும் வயலுக்கு நடுவே ஒரு பெரிய கல் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஒல்லியான கோபுரம், வரிசையாக அறைகள், மேலே பார்த்தால் வெறும் வானம். அடுத்த மூன்று நாளில் அதே மாதிரி ஐந்தாறு இடங்கள். சிலவற்றில் தேவாலயத்துக்கு உள்ளேயே பளபளப்பான புதிய கல்லறைக் கற்கள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "இதையெல்லாம் யார் இடித்தது, க்ராம்வெல்லா? ஏன் யாரும் திரும்பக் கூரை போடவில்லை? பாழடைந்த இடத்தில் ஏன் இன்னும் புதைக்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். (க்ராம்வெல் 1649இல் படையோடு வந்த ஆங்கிலத் தலைவர்.) மூன்றாகக் கேட்டிருந்தாலும் எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இந்த இடங்களை மக்கள் கைவிட்டுவிட்டார்களா, இல்லையா?

சுருக்கமான பதில் இது. யாரோ ஒருவர் ஒரு நாளில் வந்து இடித்த கதை இங்கே இல்லை. 1530களின் கடைசியில் ஆங்கில அரசு மடங்களைக் கலைக்கத் தொடங்கியது. அதிலிருந்து 1690கள் வரை, ஏறக்குறைய 160 வருடம், ஒவ்வொரு மடமும் ஒவ்வொரு விதமாகக் கூரையை இழந்தது. சில எரிந்தன, சில பிரிக்கப்பட்டன, சில வீடாகவும் படைமுகாமாகவும் மாறின. ஆனால் சுற்றியிருந்த மக்கள் அந்த இடத்தோடு தங்களுக்கு இருந்த உறவை விடவே இல்லை. நீங்கள் பார்த்த புதிய கல்லறைகள் அதன் தொடர்ச்சிதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடப் பொறியியல் படித்து, பழைய கல் கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் பயிற்சி எடுத்து, 15 வருடமாக அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் வேலை செய்கிறேன். லத்தீன், பழைய ஐரிஷ் ஆவணங்களை மொழிபெயர்ப்பில்தான் வாசிக்கிறேன். அதனால் ஆண்டுகளையும் ஆட்சியாளர்களையும் பற்றி நான் சொல்வதெல்லாம் வரலாற்று அறிஞர்கள் சொல்லி நான் கற்றது. சுவர், கலவை, கல் பற்றிச் சொல்வது என் கை பட்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இது தெரியாமல் பார்த்தால் எல்லா இடமும் ஒன்று போலவே தோன்றும். ஊரில் யாரைக் கேட்டாலும் "ஆபே" என்பார்கள். ஐரிஷ் மொழியில் "மனிஷ்டிர்" என்ற ஒரே சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் கில்லார்னிக்குப் பக்கத்தில் உள்ள மக்ராஸ் ஆபே உண்மையில் பிரான்சிஸ்கன் சகோதரர்களின் மடம். ஸ்லைகோ ஆபே தொமினிக்கன் மடம். நீங்கள் ஹெட்ஃபோர்ட் பக்கத்தில் பார்த்தது, விவரிப்பை வைத்துப் பார்த்தால், ராஸ் எர்ரில்லி. அதுவும் ஊர்ப்பேச்சில் ராஸ் ஆபே, உண்மையில் பிரான்சிஸ்கன் சகோதரர் மடம். வித்தியாசம் என்ன என்றால், ஆபேயில் இருந்த துறவிகள் நிலபுலனோடு, மடாதிபதியின் கீழ், உலகத்தை விட்டு விலகி வாழ்ந்தவர்கள். சகோதரர்கள் யாசகம் பெற்று, மக்களிடையே நடமாடி, போதித்துத் திரிந்தவர்கள். இந்த வாழ்க்கை வேறுபாடு கட்டடத்தில் அப்படியே பதிந்திருக்கிறது.

காலவரிசையில் பார்த்தால் மூன்று அடுக்கு. மிகப் பழையது 6ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஷானன் ஆற்றங்கரையில் புனித கியரான் தொடங்கிய க்ளொன்மக்னாய்ஸ், விக்லோ மலைப் பள்ளத்தாக்கில் புனித கெவின் பெயரோடு சேர்ந்த க்ளென்டலாக், கெர்ரி கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் செங்குத்தாக நிற்கும் ஸ்கெலிக் மைக்கேல் பாறை. ஸ்கெலிக்கில் கலவையே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய தேன்கூடு வடிவக் குடில்கள் இன்றும் நிற்கின்றன. அட்லாண்டிக் புயலை இத்தனை நூற்றாண்டு தாங்கி நிற்கிற அந்த அடுக்கு வேலையைப் பார்த்தால் என் தொழில்காரர்கள் யாரும் ஒரு நிமிடம் பேசமாட்டார்கள். இந்த ஆரம்ப கால மடங்களுக்கு நடுமுற்றமும் ஒழுங்கான திட்டமும் கிடையாது. வட்டமான மதிலுக்குள் சின்னச் சின்னத் தேவாலயங்கள், குடில்கள், கற்சிலுவைகள், பிற்காலத்தில் ஒரு வட்டக் கோபுரம்.

வட்டக் கோபுரத்தைப் பற்றி எல்லோரும் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசல் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருப்பதால், வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் வந்தபோது துறவிகள் ஏறி ஒளிந்துகொள்ளக் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உறுதியாகத் தெரிவது: ஐரிஷ் பெயரின் பொருளே மணிவீடு; மணி அடிப்பது அதன் முதல் வேலை. 950இல் ஸ்லேன் என்ற இடத்து மணிவீட்டை டப்ளின் வைக்கிங்குகள் எரித்தார்கள், உள்ளே இருந்த புனிதப் பொருள்களும் ஆட்களும் அதோடு எரிந்தார்கள் என்று ஆண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஆக, யாரோ சிலர் உள்ளே ஒளிந்ததும் உண்மை, அது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. மரத்தளங்கள் அடுக்கிய உயரமான குழாய் அது; கீழே தீ வைத்தால் புகைபோக்கி. ஒளிந்துகொள்வதற்காகவே கட்டினார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. வாசலை மேலே வைத்ததற்கு அடிச்சுவர் பலவீனப்படக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது ஊகம்தான். கால்வே மாவட்டத்தில் கோர்ட் பக்கத்தில் உள்ள கில்மக்டூவா கோபுரத்தைப் பாருங்கள். 34 மீட்டர் உயரம், வாசல் 7 மீட்டருக்கும் மேலே, கோபுரமே அரை மீட்டருக்கு மேல் சாய்ந்து நிற்கிறது.

இரண்டாவது அடுக்கு 12ஆம் நூற்றாண்டில் வந்தது. அர்மாவின் பேராயராக இருந்த புனித மலாக்கி ரோமுக்குப் போகும் வழியில் பிரான்ஸின் க்ளேர்வோ மடத்தில் தங்கி, அங்கிருந்த மடாதிபதி பெர்னார்டின் நட்பைப் பெற்றார். அந்த உறவில் பிறந்ததுதான் 1142இல் லவுத் மாவட்டத்தில் எழுந்த மெல்லிஃபாண்ட், அயர்லாந்தில் சிஸ்டர்சியன் துறவிச் சபையின் முதல் ஆபே. அங்கிருந்து பாயில், பால்டின்க்ளாஸ், பெக்டிவ் என்று கிளைகள் பரவின. வடக்கே தேவாலயம், தெற்கே சதுர நடுமுற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பக்கத்தில் ஓடும் நீர் என்ற ஒரே வரைபடம் ஐரோப்பா முழுக்கப் போனது போல இங்கும் வந்தது. ஆனால் ஐரிஷ் துறவிகளுக்கும் மேலிடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1228இல் விசாரணைக்கு வந்த ஸ்டீபன் ஆஃப் லெக்சிங்டன், லத்தீனிலோ பிரெஞ்சிலோ பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரியாதவரை மடத்தில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மடங்களுக்குள் மொழிச்சண்டை அத்தனை பழையது.

இந்த வகையில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் கிளேர் மாவட்டத்து பர்ரன் பாறைவெளியில் உள்ள கார்கம்ரோவுக்குப் போங்கள். அதன் லத்தீன் பெயருக்கு "வளமான பாறையின் புனித மரியா" என்று பொருள். சுற்றிலும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த மண்ணை நன்றாக அறிந்திருக்க வேண்டும், பாறை இடுக்கில் வளரும் புல் மாட்டுக்கு மிக நல்லது. பீடம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் தூண் தலைகளில் பூக்களை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேற்கே வர வர வேலை எளிமையாகிக்கொண்டே போகிறது. சுவரில் ஒரு மாடத்துக்குள் 1268இல் இறந்த கானர் ஓ'ப்ரையன் என்ற அரசரின் உருவம் படுத்திருக்கிறது.

மூன்றாவது அடுக்குதான் உங்கள் கேள்விக்கு உரியது. தொமினிக்கன் சகோதரர்கள் 1224இல் வந்தார்கள், பிரான்சிஸ்கன்களும் ஏறக்குறைய அதே சமயம். முதலில் ஊர்களில்தான் மடம் கட்டினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து ஊர்களைக் காலி செய்தது. கில்கென்னியில் ஜான் க்ளின் என்ற பிரான்சிஸ்கன் சகோதரர் சாவுகளைப் பதிவு செய்துகொண்டே வந்து, தனக்குப் பிறகு யாராவது உயிரோடு இருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று வெற்றுத் தோல்தாளை விட்டுவிட்டுப் போனார். அந்த நூற்றாண்டு கழிந்த பிறகு மேற்கே ஐரிஷ் குடித்தலைவர்கள் மறுபடி வலுப்பெற்றார்கள். 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் கொடுத்த நிலத்தில் நாட்டுப்புறத்தில் புதிய மடங்கள் வரிசையாக எழுந்தன. கிளேரில் க்வின், மேயோவில் மொய்ன், ராஸர்க், கெர்ரியில் மக்ராஸ், வடமேற்கே டொனிகால். கடைசியாக 1508இல் லீட்ரிம் மாவட்டத்தில் க்ரீவலி. ஊரே இல்லாத வயலில் இவ்வளவு பெரிய மடம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அந்த மக்கள் ஊராகக் கூடி வாழவில்லை; மாடும் குடும்பமுமாகச் சிதறி வாழ்ந்தார்கள். மடம் இருந்த இடம்தான் கூடும் இடம்.

ராஸ் எர்ரில்லிக்கு வருவோம். 1351இல் தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள்; அந்த ஆண்டை நான் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இன்று நிற்கும் சுவரில் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டு வேலை. பிளாக் ரிவர் என்ற சிற்றாறு பக்கத்தில் ஓடுகிறது. தேவாலயத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். நீங்கள் வடக்கே உள்ள வீட்டுப் பகுதிக்குள் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்ன நடுமுற்றம், அதைச் சுற்றி வளைவுகளோடு தாழ்வாரம். அதைத் தாண்டினால் இன்னொரு முற்றம். அதன் மூலையில் சமையலறை. ஆள் உள்ளே நிற்கக்கூடிய அடுப்புவாய், பக்கத்தில் ரொட்டி சுடும் அடுப்பு, மூலையில் தரையோடு ஒட்டிக் கல்லால் கட்டிய ஒரு தொட்டி. பிடித்த மீனைச் சமைக்கும்வரை உயிரோடு போட்டு வைக்கிற தொட்டி அது. இறைச்சி விலக்கிய நாள்கள் வருடத்தில் ஏராளம், ஆறு பக்கத்தில், அதனால் மீன். உணவறையில் சன்னலோரம் கல்லிலேயே ஒரு வாசிப்பு மேடை இருக்கிறது. மற்றவர்கள் பேசாமல் சாப்பிட, ஒருவர் அங்கே வெளிச்சத்தில் நின்று வாசிப்பார். நான் முதல் முறை அந்த மேடையில் கை வைத்தபோது, இத்தனை சாதாரணமான ஒரு மதிய நேரம் கல்லில் தங்கியிருக்கிறதே என்று வெகுநேரம் நகராமல் நின்றேன்.

சுவரைப் பார்த்து வயது சொல்ல நீங்களும் கொஞ்சம் பழகலாம். அந்த ஒல்லிக் கோபுரத்தின் கால்கள் தேவாலயத்தின் நீளச்சுவரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பல மடங்களில் கல் கோத்துக் கட்டியிருக்காது, ஏற்கெனவே இருந்த சுவரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தேவாலயம் கட்டி முடித்த பிறகு, நடுவில் கோபுரத்தைச் செருகினார்கள் என்று அர்த்தம். அடுத்தது உளித் தடம். 13ஆம் நூற்றாண்டு வாசல் கற்களில் சாய்வான கோடுகள் நெருக்கமாக ஓடும். 15ஆம் நூற்றாண்டுக் கற்களில் கூர் உளியால் கொத்திய புள்ளிகள் இருக்கும். மேற்குப் பகுதிச் சுண்ணாம்புக்கல் மிகக் கடினம், அதனால் 500 வருடம் கழித்தும் அந்தப் புள்ளிகள் நேற்றுக் கொத்தியது போலத் தெரியும்.

மூன்றாவது அடையாளம்தான் எனக்கு மிகப் பிடித்தது. வளைவுக் கூரை போட்ட கீழ்த்தள அறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். காரையில் கூடை பின்னல் தெரிந்தால் அது கண் மயக்கம் இல்லை. நாம் கான்கிரீட் போட சென்ட்ரிங் அடிக்கிறோமே, அந்த வேலைக்கு அவர்கள் வில்லோ, ஹேசல் குச்சிகளைப் பாய் போல முடைந்து, வளைத்து, அதன் மேல் காரை கொட்டிக் கல்லை அடுக்கினார்கள். காரை இறுகியதும் தாங்குசட்டத்தை எடுத்தார்கள். பின்னல் மக்கிப் போய்விட்டது, தடம் மட்டும் இருக்கிறது. சாரத்தின் மேல் ஏறி நான் அந்தப் பள்ளங்களில் விரலை வைத்திருக்கிறேன். ஒரு குச்சி முடிந்து அடுத்த குச்சியைச் செருகிய இடம் கூடத் தெரியும்.

சரி, யார் இடித்தது? உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஆங்கில அரசர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் டப்ளின் நாடாளுமன்றம் 1537இல் மடங்களைக் கலைக்கச் சட்டம் இயற்றியது. 1539, 1540 ஆண்டுகளில் கிழக்கிலும் தெற்கிலும் அது வேகமாக நடந்தது. மெல்லிஃபாண்ட் 1539இல் முடிந்தது. மணி, வெள்ளிப் பாத்திரம், கூரை ஈயம் என்று விலை போகக்கூடியது எல்லாம் போனது. நிலம் அரசுக்கு வேண்டியவர்களுக்குப் போனது. ஆனால் எழுதிய சட்டம் கால்வே, மேயோ வயல்வெளிக்கு எட்டவில்லை, ஏனென்றால் அங்கே அரசனின் கை எட்டவில்லை. மடம் கட்டிக் கொடுத்த அதே குடும்பங்கள்தான் அங்கே இன்னும் தலைவர்கள். பேருக்கு மடத்தைக் குத்தகைக்கு எடுத்து, சகோதரர்களை அங்கேயே இருக்க விட்டவர்கள் உண்டு.

அதற்கு அப்புறம் நடந்தது இடத்துக்கு இடம் வேறு. 1552இல் அத்லோனில் இருந்த ஆங்கிலப் படையினர் க்ளொன்மக்னாய்ஸைச் சூறையாடினார்கள். மணி, உருவம், பீடம், புத்தகம், சன்னல் கண்ணாடி உட்பட எதையும் விடவில்லை என்று ஆண்டுக் குறிப்பு அழுகிறது. 1590இல் மேற்கு மாகாணமான கானாக்டின் ஆளுநர் ரிச்சர்ட் பிங்கம் மொய்னையும் ராஸர்க்கையும் எரித்தார். டொனிகால் மடம் 1601இல் போனது வேறு விதம். உள்ளே ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்த ஓ'டானல் ஒருவர், வெளியே முற்றுகையிட்டவர் அவருடைய உறவினரான இன்னொரு ஓ'டானல். உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. வீடிழந்த அந்த மடத்துச் சகோதரர்கள் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தபோதுதான், மிஹால் ஓ க்ளேரி தலைமையில் 1632 முதல் 1636 வரை நாட்டின் ஆண்டுக் குறிப்புகள் அத்தனையும் தொகுக்கப்பட்டன. ஸ்லைகோ மடத்தை 1642இல் ஃப்ரெடரிக் ஹாமில்டனின் படை எரித்தது.

க்ராம்வெல் 1649இல் வந்து ஒன்பது மாதம் மட்டுமே இந்த நாட்டில் இருந்தார். மேற்குப் பகுதிக்கு அவர் வரவே இல்லை. அவர் விட்டுப்போன படைகள் 1650களில் நிறையச் சேதம் செய்தது உண்மை: மக்ராஸ் 1652, பாலின்டபர் 1653, ராஸ் எர்ரில்லி 1656. ஆனால் ஊரில் எந்தச் சுவர் விழுந்திருந்தாலும் "க்ராம்வெல்" என்றுதான் சொல்வார்கள். அதைப் பொய் என்று தள்ளாதீர்கள், ஆண்டாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நூற்றாண்டு வலியை ஒரே பெயரில் நினைவு வைத்திருக்கிறார்கள். ராஸ் எர்ரில்லியிலிருந்து சகோதரர்கள் ஏழு முறை விரட்டப்பட்டு ஏழு முறை திரும்பி வந்தார்கள் என்பார்கள். ஏழு என்ற எண்ணை நான் உறுதியாக ஏற்கமாட்டேன், திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதை ஏற்பேன். க்வின் மடத்தில் கடைசிப் பிரான்சிஸ்கனான ஜான் ஹோகன் 1820இல்தான் இறந்தார். கலைப்புச் சட்டத்துக்கு 283 வருடம் கழித்து! அவருடைய கல்லறை அந்தத் தாழ்வாரத்திலேயே இருக்கிறது.

எல்லா மடமும் வெறுமையாகவும் விடப்படவில்லை. பாயில் ஆபே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை படைமுகாமாக இருந்தது. பெக்டிவை மாளிகையாக மாற்றினார்கள். வெக்ஸ்ஃபோர்டில் உள்ள டின்டர்ன் ஆபேயில் கோல்க்ளோ குடும்பம் 1959வரை குடியிருந்தது. பயன்பாட்டில் இருந்த கட்டடத்துக்குக் கூரை இருக்கும். மற்றவற்றில் கூரை மரம் மக்கியது, அல்லது யாரோ எடுத்துப் போனார்கள். கூரை போன பிறகு சுவரின் தலையில் மழை நேராக இறங்கும். இந்தச் சுவர்களின் இரண்டு முகமும் நல்ல கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். தண்ணீர் நடுவில் இறங்கினால் கலவை மெல்லக் கரையும், முகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வயிறு தள்ளும். ஐவி கொடி அதற்குள் வேர் விடும். சில சமயம் அந்தக் கொடியே சுவரைக் கட்டிப் பிடித்திருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் கல்லோடு வரும். தயவுசெய்து இழுக்காதீர்கள்.

கொடியைவிடப் பெரிய சேதத்தை நல்ல எண்ணத்தில் செய்தவர்கள் செய்திருக்கிறார்கள். நான் வேலை செய்த ஒரு சின்ன இடத்தில், பல வருடத்துக்கு முன்னால் யாரோ பாசத்தோடு சுவர் முழுக்கச் சிமெண்டால் பாயிண்டிங் செய்திருந்தார்கள். சிமெண்ட் மூச்சு விடாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரின் நடுவைத் தின்றிருந்தது. சிமெண்டை உளியால் எடுத்தபோது, உள்ளேயிருந்த பழைய சுண்ணாம்புக் கலவை ஈர மணலாகக் கையில் கொட்டியது. மூன்று கோடைக்காலம் ஆனது அந்த ஒரு சுவரைத் திரும்பச் சுண்ணாம்பில் நிறுத்த. சுண்ணாம்புக் கலவை குளிரில் இறுகாது, அதனால் இங்கே வருடத்தில் பாதிதான் வேலை நாள். சுவரின் தலையில் கல்லைச் சரிசெய்து, மேலே புல்தரையைப் பாய் போலப் போர்த்திவிட்டு வந்தோம். மழையைப் புல் குடித்துக்கொள்ளும்.

இப்போது கல்லறைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் மனசைத் தொட்டது அதுதான். பழைய மடத்தின் மண் மக்களுக்குப் புனித மண். தாத்தா அங்கே, அவருடைய தாத்தா அங்கே. மடம் கலைந்தாலும் அடக்கம் நிற்கவில்லை. 1697இல் கத்தோலிக்க ஆயர்களையும் சபைத் துறவிகளையும் 1698 மே 1க்குள் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி ஒரு சட்டம் வந்தது. அதே சட்டத்தில், கலைக்கப்பட்ட மடங்களில் இறந்தவரைப் புதைக்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். கூரை போய், பீடம் போய், துறவிகள் போன பிறகும், நாடாளுமன்றம் உட்கார்ந்து தனிப் பிரிவு எழுதித் தடுக்க வேண்டிய அளவுக்கு மக்கள் அங்கே வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். தடை போட்ட பிறகும் வந்தார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களைத் தேதியோடு நீங்களே வாசிக்கலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபைக் கல்லறையில் சேர்க்காத காலத்தில், அவர்களையும் இரவோடு இரவாக இப்படிப்பட்ட பழைய இடங்களின் ஓரத்தில் புதைத்த குடும்பங்கள் பல. எழுத்தில்லாத சின்னக் கற்கள் வரிசையாகத் தெரிந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

1869ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையை அரசிலிருந்து பிரித்தபோது, முக்கியமான பாழடைந்த தேவாலயங்கள் பொதுப்பணித் துறையின் கைக்கு வந்தன. பாறை மேல் நிற்கும் தேவாலயத் தொகுதியான கேஷல்தான் அந்த வழியில் முதலில் வந்தது. கட்டடம் அரசின் பொறுப்பு, ஆனால் அங்கே ஏற்கெனவே கல்லறை வைத்திருந்த குடும்பங்களின் வழக்கம் பல இடங்களில் தொடர்ந்தது. அதனால்தான் தேசியச் சின்னம் என்ற பலகைக்கு உள்ளே புதிய கறுப்புக் கல்லும் பூங்கொத்தும்.

ஏன் திரும்பக் கூரை போடவில்லை என்பதற்கு, போட்ட இடங்களும் இருக்கின்றன என்பது முதல் பதில். மேயோவில் பாலின்டபர், 1216இல் கானாக்ட் அரசர் காஹல் க்ரோவ்டெர்க் ஓ'கானர் நிறுவியது. 1653இல் எரிந்த பிறகும் கூரையில்லாமலேயே அங்கே திருப்பலி நடந்தது என்பது ஊர் மரபு. 750ஆவது ஆண்டான 1966இல் தேவாலயத்துக்குக் கூரை வந்தது. டிப்பரரியில் ஹோலிக்ராஸ் ஆபே இரண்டு நூற்றாண்டுக்கு மேல் திறந்து கிடந்தது. தேசியச் சின்னமாக இருந்ததால் அதைத் திரும்ப வழிபாட்டுக்குக் கொடுக்க 1969இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது, 1975இல் திறந்தார்கள். இரண்டிலும் இன்று ஊர் மக்கள் கூடுகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலான மடங்களில் பழைய கூரை எப்படி இருந்தது என்பதற்குச் சுவரில் உள்ள சரிவுத் தடத்தைத் தவிர வேறு சான்று இல்லை. புதிய கூரையின் பாரத்துக்குச் சுவரைத் தயார் செய்யும்போது, நான் மேலே சொன்ன உளித் தடமும் பின்னல் தடமும்தான் முதலில் போகும். என்னோடு வேலை செய்கிறவர்களில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரகசியச் சுரங்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு மடத்திலும் ஒரு சுரங்கக் கதை உண்டு. நான் பார்த்தவரை அவை எல்லாம் கழிப்பிடத்துக்கும் சமையலறைக்கும் கீழே ஓடிய கல் கால்வாய்கள். மொய்னில் ஓடை கட்டடத்துக்கு அடியிலேயே போகிறது. தேடிப் பார்க்க ஆசைப்பட்டு மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போய்விடாதீர்கள். உரிமம் இல்லாமல் பயன்படுத்துவது இங்கே குற்றம்.

அடுத்த முறை வந்தால் மேயோவில் பாலினா பக்கத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் ராஸர்க். மாய் ஆற்று முகத்தில், பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையினருடைய சின்ன மடம். பீடத்துக்கு வலப்பக்கம், பூசைப் பாத்திரங்களைக் கழுவிய நீரை ஊற்றும் இரட்டைக் கல்மாடம் இருக்கிறது. அதன் தூணில், விரல் நீளத்தில் ஒரு வட்டக் கோபுரம் செதுக்கியிருப்பார்கள். சில கிலோமீட்டரில் கில்லாலா ஊரில் நிஜக் கோபுரம் நிற்கிறது. செதுக்கியவர் தினமும் பார்த்ததைத்தான் செதுக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மதியம் மொய்ன். வயல் வழியாக நடக்க வேண்டும், அது ஒருவருடைய நிலம். கேட்டைத் திறந்தால் மூடுங்கள், கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள். தேவாலயத்துக்குள் பழைய பூச்சு ஒட்டியிருக்கும் சுவரில், 16ஆம் நூற்றாண்டில் யாரோ கூர்மையான எதையோ வைத்துக் கீறிய கப்பல்கள் இருக்கின்றன, பாய்மரமும் கயிறுமாக. நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள்.